குழந்தைகளுக்காகக் கோட்டைக்குப் போகும் வேலை

‘அட்வகசி ஆபீஸர் தேவை. குழந்தை நலம், ஊட்டச்சத்து, கல்வி. பணியிடம் சென்னை. களப்பயணம் உண்டு. தமிழில் நன்றாக எழுதத் தெரிந்திருக்க வேண்டும்.’ சமூகப் பணி படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இப்படிப்பட்ட விளம்பரங்கள் அடிக்கடி வருகின்றன. விண்ணப்பிக்கிற பலருக்கும் ஒரு கேள்விக்கு விடை தெரியாது: காலை பத்து மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்த ஆபீஸர் என்ன செய்வார்? கல்லூரியிலும் இதைச் சொல்லித் தருவது குறைவு. குழந்தைகளுக்காகக் குரல் கொடுப்பது என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடுவார்கள்.

குரல் கொடுப்பது இந்த வேலையில் சிறு பகுதி. பிள்ளைகளைப் பாதிக்கும் ஒரு குறையைக் கண்டுபிடிக்க வேண்டும். அதைத் தீர்க்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று தேட வேண்டும். அந்த அதிகாரி கையெழுத்துப் போடக்கூடிய வடிவத்தில் கோரிக்கையை எழுதி, சரியான மாதத்தில் சரியான மேசையில் சேர்க்க வேண்டும். அரசாணை வந்தபின் அது அங்கன்வாடி வாசலைத் தொடும் வரை பின்னாலேயே போக வேண்டும். முழு வேலையும் இவ்வளவுதான். இதைச் செய்யத் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டில் தேவைக்கு மிகக் குறைவாக இருக்கிறார்கள்.

மாலை வகுப்பு நடத்தி நாற்பது பிள்ளைகளைத் தேற்றிவிடுகிறவர் செய்வது பெரிய காரியம். மாநிலக் கொள்கையில் வேலை செய்கிறவரின் கணக்கு வேறு மாதிரி. அரசாணையில் ஒரு வரி மாறினால் முப்பதாயிரம் பள்ளிகளில் அது நடைமுறைக்கு வரும். அந்த வரி தவறாக இருந்தால் தவறும் அத்தனை பள்ளிகளுக்கும் போய்ச் சேரும். அந்தப் பொறுப்பை ஏற்கத் தயார் என்றால் மேலே படியுங்கள்.

காலை உணவிலிருந்து தொடங்குங்கள்

இந்தத் துறைக்குள் புதிதாக வருகிறவர் முதலில் படிக்க வேண்டியது முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் வளர்ந்த வரலாற்றை. 2022 மே 7 அன்று சட்டப்பேரவையில் 110-ஆவது விதியின் கீழ் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அதை அறிவித்தார். அந்த விதியின் கீழ் வரும் அறிவிப்புக்கு அவையில் விவாதம் கிடையாது. அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று மதுரையில் திட்டம் தொடங்கியது. முதல் கட்டத்தில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகள், சுமார் 1.14 லட்சம் பிள்ளைகள். 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் விரிவாக்கம், 31,008 பள்ளிகள். 2024-இல் ஊரகப் பகுதிகளின் அரசு உதவிபெறும் பள்ளிகள் சேர்ந்தன. 2025-இல் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளும் வந்தன.

நான்கு படிகள். ஒவ்வொரு படிக்கும் தனி அறிவிப்பு, தனி நிதி, தனிப் பட்டியல். அரசு நகரும் விதம் இதுதான். முதல் கட்டம் தொடங்கிய நாளிலேயே அடுத்த படியின் கேள்வியைத் தயார் செய்திருக்க வேண்டியவர் நம் ஆள்: அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு இருக்கும் பசி, அதே தெருவில் உதவிபெறும் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு இல்லையா? இந்தக் கேள்வியை எண்ணிக்கையோடும் செலவோடும் எழுதி வைத்திருப்பவரிடம்தான் அதிகாரிகள் பேசுவார்கள். அடுத்த கேள்வியும் திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்குமாகத்தான் இது வகுக்கப்பட்டது. ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளையின் காலைப் பசிக்கு என்ன வழி?

முட்டையின் கதை இன்னும் நீளமானது. எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் 1982 ஜூலை 1 அன்று தொடங்கியது. 1989-இல் கருணாநிதி ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை தட்டில் விழுந்தது. பின்பு வாரம் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறி, 2010-இல் பள்ளி நாள் ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக, வாரத்துக்கு ஐந்து ஆனது. இரண்டு வாரத்துக்கு ஒன்று என்பது வாரத்துக்கு ஐந்தாக மாற 21 ஆண்டுகள். இடையில் ஆட்சிகள் மாறின; முட்டை தட்டை விட்டுப் போகவில்லை. எல்லாக் கட்சிகளும் ஏற்றுக்கொண்ட ஒன்றை நிறுத்துவது எவருக்கும் கடினம். ஆகவே உங்கள் கோரிக்கையை ஒரு கட்சியின் சொத்தாக ஆக்கிவிடாதீர்கள். ஆளும் தரப்புக்குக் கொடுத்த அதே தாளை எதிர்க்கட்சி உறுப்பினர்களுக்கும் கொடுங்கள்.

யார் கையெழுத்து?

வேலையில் சேர்ந்த முதல் மூன்று மாதத்தில் உங்கள் மனதில் ஏற வேண்டியது துறைகளின் வரைபடம். வெளியிலிருந்து பார்த்தால் பள்ளி ஒன்றுதான். உள்ளே அது ஐந்தாறு துறைகளின் சந்திப்பு. வகுப்பறையும் ஆசிரியரும் பள்ளிக்கல்வித் துறை. அதே வளாகத்தின் சத்துணவு மையம் சமூக நலத்துறை. பக்கத்தில் இருக்கும் அங்கன்வாடியும் அதே துறைதான், ஆனால் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் என்ற தனி நிர்வாகம். பிள்ளைகளைப் பரிசோதிக்க வரும் நடமாடும் மருத்துவக் குழு மக்கள் நல்வாழ்வுத் துறை. ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் கட்டடமும் கழிப்பறையும் என்று வந்தால் ஊரக வளர்ச்சித் துறை உள்ளே வருகிறது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கும் வேறு துறை. பணம் என்று பேச்செடுத்தால் எல்லாவற்றுக்கும் மேலே நிதித்துறை.

மலைக்கிராமத்துப் பெண் பிள்ளை ஒருத்தி எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘இடைநிற்றலைத் தடுக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்’ என்று பள்ளிக்கல்வித் துறைக்கு மனு எழுதுவது எளிது. அந்த மனு எவர் மேசையிலும் நிற்காது, ஏனென்றால் அதில் எவரும் செய்யக்கூடிய காரியம் ஒன்றும் இல்லை. அவள் ஏன் நின்றாள் என்று வீட்டில் உட்கார்ந்து கேளுங்கள். உயர்நிலைப் பள்ளி தொலைவு, மாலைப் பேருந்து இருட்டிய பிறகுதான் வருகிறது என்றால் அது போக்குவரத்துக் கழகத்தின் நேர அட்டவணை. விடுதியில் இடமில்லை என்றால் பழங்குடியினர் நல இயக்குநரகம். தாய் வேலைக்குப் போவதால் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றால் அங்கன்வாடி நேரம். கல்யாணம் பேசிவிட்டார்கள் என்றால் மாவட்ட சமூக நல அலுவலர், உடனே. ஒரே பிள்ளையின் கதையில் நான்கு கையெழுத்துகள் இருக்கலாம். எந்தக் கையெழுத்து முதலில் தேவை என்று கண்டுபிடிப்பதில்தான் இந்தத் தொழிலின் பாதித் திறமை.

எல்லாமே சென்னைக்குப் போக வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் குழு தயாரிக்கும் பள்ளி வளர்ச்சித் திட்டமே அரசின் மானியத்துக்கு அடிப்படை என்பது சட்டத்தின் 22-ஆவது பிரிவு. இதைத் தெரிந்த பெற்றோர் குறைவு. ஒரு வட்டாரத்தில் பத்துப் பள்ளிகளின் குழுக்கள் ஒரே குறையைத் தங்கள் திட்டத்தில் எழுதித் தீர்மானம் போட்டுவிட்டால், அதற்குப் பிறகு நீங்கள் கோட்டைக்குக் கொண்டுபோகும் தாளின் கனமே வேறு.

ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள்

நாற்பது பக்க ஆய்வறிக்கை நிதியளிப்பவருக்குப் போகட்டும். துறைச் செயலாளருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் ஒரு பக்கம் போதும். அந்தப் பக்கத்தை எழுதக் கற்றுக்கொள்வதற்காக ஆறு மாதம் செலவழித்தாலும் தகும்.

தமிழ்நாட்டில் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி மருத்துவமனையில் நடக்கும் பிரசவம் 99.6 சதவீதம். அதே ஆய்வில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தாயை மருத்துவமனைக்கு வரவழைப்பதில் வென்ற மாநிலம், குழந்தை வீட்டுக்குத் திரும்பிய பிறகு வரும் ஆண்டுகளில் பின்தங்குகிறது. இந்த எண்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் இது கண்ணில் அறையும். ஆனால் ‘இரத்தசோகையை ஒழிக்க வேண்டும்’ என்பது கோரிக்கை ஆகாது. இரும்புச்சத்து சிரப் துணை சுகாதார நிலையத்தில் எத்தனை மாதம் இருப்பில் இல்லை, அங்கன்வாடியில் எடை பார்க்கும் நாளிலேயே அதைக் கொடுக்க முடியுமா, அதற்குக் கிராம சுகாதாரச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் ஒரே பதிவேட்டைப் பயன்படுத்த எந்தத் துறைகள் கூட்டாகச் சுற்றறிக்கை விட வேண்டும் என்று இறங்கி எழுதினால்தான் அது கோரிக்கை.

செலவுக் கணக்கு இல்லாத தாளை நிதித்துறை திருப்பி அனுப்பிவிடும். கணக்குக்குப் பெரிய படிப்பு வேண்டாம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள். நீங்கள் கேட்கும் கூடுதல் உணவுப் பொருள் பிள்ளை ஒன்றுக்கு நாளுக்கு 2 ரூபாய் என்றால், ஒரு லட்சம் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 4 கோடி. இந்த ஒரு வரி உங்கள் தாளில் இருந்தால், பிரிவு அலுவலர் அதை வைத்தே குறிப்பு எழுதத் தொடங்கலாம். அவருடைய வேலையில் பாதியை நீங்கள் செய்து கொடுத்திருக்கிறீர்கள்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் சிந்தித்து எழுதிவிட்டுத் தமிழாக்கத்தைக் கொடுத்துவிடும் பழக்கம் தொண்டு நிறுவனங்களில் பரவலாக இருக்கிறது. அந்தத் தமிழ் அமைச்சரின் உதவியாளருக்கும் புரியாது, கிராமத்துத் தாய்க்கும் புரியாது. பத்து அரசாணைகளைத் தமிழில் வரிசையாகப் படித்தால் கோப்பின் நடை பழகிவிடும். பிறகு அந்த நடையில் ‘ஆணை பகுதி’ வரை நீங்களே வரைவு எழுதிப் பாருங்கள்.

எந்த மாதத்தில் எந்தக் கதவு

ஏப்ரல் மாதத்தில் கோரிக்கையோடு போய், ‘பட்ஜெட் முடிந்துவிட்டதே’ என்ற பதிலோடு திரும்புவது புதியவர்களுக்கு வழக்கமாக நேர்வது. வரவு செலவுத் திட்டம் பொதுவாக பிப்ரவரி, மார்ச்சில் தாக்கலாகிறது. அதில் இடம்பெற வேண்டியதைத் துறைகள் பல மாதங்கள் முன்பே திரட்டத் தொடங்கிவிடும். ஆகவே நீங்கள் இயக்குநரகத்தில் இருக்க வேண்டிய காலம் முந்தைய ஆண்டின் பிற்பாதி. பட்ஜெட்டுக்குப் பின் மானியக் கோரிக்கைகள் மீதான விவாதம் வரும். பள்ளிக்கல்வி மானியக் கோரிக்கை எண் 43, சமூக நலம் 45, மக்கள் நல்வாழ்வு 19. இந்த மூன்று எண்களும் உங்களுக்கு வீட்டு எண் போலத் தெரிந்திருக்க வேண்டும். அந்தந்த நாளில் அமைச்சர் பதிலுரையில் புதிய அறிவிப்புகள் வரும்; துறையின் கொள்கை விளக்கக் குறிப்பும் வெளியாகும். அதற்கு முந்தைய வாரத்தில் உங்கள் மாவட்டத்துச் சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்கத் தகுந்த மூன்று கேள்விகளைக் கொடுத்திருந்தால் அவற்றில் ஒன்றாவது அவையில் ஒலிக்க வாய்ப்பு உண்டு. 234 பேரும் கட்சி சார்ந்தே பேசுவார்கள் என்று நினைக்காதீர்கள். தன் தொகுதி அங்கன்வாடிகளின் எண்ணிக்கையும் அவற்றில் வாடகைக் கட்டடம் எத்தனை என்பதும் கைக்கு வந்தால், எந்த உறுப்பினரும் அதைப் பேச விரும்புவார்.

பேரவையின் மனுக்கள் குழு, அரசு உறுதிமொழிக் குழு ஆகியவை மாவட்டங்களுக்கு ஆய்வுக்கு வரும். உறுதிமொழிக் குழுவை நம் ஆட்கள் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை. அமைச்சர் அவையில் ‘செய்யப்படும்’ என்று சொன்னது செய்யப்பட்டதா என்று பார்ப்பதே அதன் வேலை. பழைய பதில்களைத் தேதியோடு தொகுத்துக் கொடுப்பவருக்கு அங்கே மதிப்பு உண்டு. கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தேர்தலுக்கு முந்தைய மாதங்களில் கட்சிகளின் தேர்தல் அறிக்கைக் குழுக்கள் எல்லாத் தரப்பையும் சந்திக்கும். அப்போதும் ஒரு பக்கத் தாள்தான் செல்லுபடியாகும்.

ஆதாரமும் குழந்தையின் அடையாளமும்

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 உங்கள் அன்றாடக் கருவி. பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில், வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்டால் பதில் வராது. ஆவணத்தைக் கேளுங்கள்: இருப்புப் பதிவேட்டின் நகல், காலிப் பணியிடப் பட்டியல், நிதி விடுவிப்பு ஆணை. ஆனால் மனுப் போடுவதற்கு முன், கேட்பது ஏற்கெனவே கொள்கை விளக்கக் குறிப்பில் அச்சாகி இருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் இருக்கும்.

கள ஆய்வு எழுதும்போது ஒன்றை மறக்க வேண்டாம். அங்கன்வாடிப் பணியாளரும் சத்துணவு அமைப்பாளரும் அமைப்பின் குறைகளைத் தங்கள் முதுகில் தாங்குகிறவர்கள். ஒரு மையத்தில் எடை இயந்திரம் பழுது என்று நீங்கள் எழுதிய வரி, அந்தப் பணியாளருக்கு மெமோவாகப் போய் இறங்கக் கூடாது. மையத்தின் பெயரை எடுத்துவிடுங்கள்; வட்டாரத்தில் எத்தனை மையங்களில் பழுது, பழுதுபார்க்க நிதி யாரிடம் என்று எழுதுங்கள். அவர்களின் சங்கங்களோடு பேசுங்கள். உங்களுக்குத் தெரியாத பாதி விஷயம் அவர்களுக்குத் தெரியும்.

அதைவிடக் கண்டிப்பான விதி குழந்தையைப் பற்றியது. பாதிக்கப்பட்ட பிள்ளையை மேடையேற்றுவது, படம் எடுத்து அறிக்கையின் அட்டையில் போடுவது, பெயரை மாற்றிவிட்டு ஊரையும் பள்ளியையும் எழுதிவிடுவது, இவை மூன்றும் கூடாது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆவது பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். போக்சோ வழக்கென்றால் அந்தச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு தனியாக இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இது கூடாது. நிதியளிப்பவர் ‘உருக்கமான ஒரு கதை’ கேட்டால் மறுத்துவிடுங்கள். அந்தப் பிள்ளை பதினெட்டு வயதில் அந்த அறிக்கையைத் தேடிப் படிக்கும் நாள் வரும்.

விபத்துக்குப் பின்னும் வழக்கிலும்

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். கூரைக் கொட்டகையின் கீழ் வகுப்பு நடப்பதும், ஒரே கட்டடத்தில் அளவுக்கு மீறிப் பிள்ளைகளை அடைப்பதும் அதற்கு முந்தைய நாள் வரை யாருக்கும் தெரியாத செய்திகள் அல்ல. தீக்குப் பிறகுதான் பள்ளிகளின் கூரைகள் இறங்கின. இந்தத் துயரத்தை அடிப்படையாகக் கொண்டு தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில், பாதுகாப்பான பள்ளி என்பது குழந்தையின் அடிப்படை உரிமையின் பகுதி என்று 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, தீப்பாதுகாப்பை நாடு முழுவதும் உள்ள பள்ளிகளுக்குக் கட்டாயமாக்கியது. 2012-இல் சென்னைப் புறநகரில் பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அந்த ஆண்டே பள்ளி வாகனங்களுக்கான தமிழ்நாட்டின் சிறப்பு விதிகள் வந்தன.

உயிர் போன பிறகு ஓரிரு வாரம் எல்லாக் கதவுகளும் திறந்திருக்கும். அப்போது அவசரத்தில் எழுதப்படும் விதி, சரியாகவும் இருக்கலாம், அரைகுறையாகவும் இருக்கலாம். முன்பே வரைவு தயாராக வைத்திருந்தவர்கள் அந்த வாரத்தில் இருந்தால் விதி உருப்படியாக வரும். ஆகவே உங்கள் அலமாரியில் இன்னும் யாரும் கேட்காத வரைவுகள் இருக்கட்டும்: பள்ளிக்கு அருகே மூடாத கிணறு, தனியார் விடுதிகளின் பதிவு, காப்பகங்களில் இரவுப் பணியாளர். கோபம் தணிவதற்குள் அவை செயலாளர் மேசையில் இருக்க வேண்டும். துயரத்தைப் பயன்படுத்திக்கொள்கிறோமே என்ற உறுத்தல் வரும். அடுத்த குழந்தை சாகக் கூடாது என்ற ஒரே காரணம் உங்கள் தாளில் இருக்கும்வரை அந்த உறுத்தலைத் தாங்கிக்கொள்ளலாம்.

நீதிமன்றம் கடைசி வழி என்றாலும் பெரிய வழி. உணவு உரிமை வழக்கில் 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தர எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. தமிழ்நாடு அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் முன்பிருந்தே பெரும் அளவில் அதைச் செய்து காட்டிக்கொண்டிருந்தது. மாநிலத்தில் ஒன்றை நன்றாக நடத்திக் காட்டினால் அது நாட்டுக்கே போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

வேலை எங்கே, ஊதியம் எப்படி

சமூகப் பணியில் முதுகலை படித்தவர்கள் அதிகம் வருகிறார்கள். சென்னை சமூகப் பணிக் கல்லூரி 1952 முதல் இருக்கிறது. லயோலா, ஸ்டெல்லா மாரிஸ் போன்ற இடங்களிலிருந்தும் வருகிறார்கள். ஆனால் சட்டம், பொருளாதாரம், பொது சுகாதாரம், இதழியல் படித்தவர்களுக்குப் பஞ்சம் இருக்கிறது. பட்ஜெட் படிக்கத் தெரிந்த ஒரு வணிகவியல் பட்டதாரி, பத்து வருட அனுபவசாலியைவிடப் பயன்படும் அலுவலகங்கள் உண்டு. வேலை செய்துகொண்டே குழந்தை உரிமைச் சட்டத்தில் டிப்ளமோ படிக்க பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியின் தொலைநிலைப் படிப்பு ஒரு நல்ல வழி.

தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் இரண்டு ஆண்டு அரசுக்குள் உட்கார வைக்கும். கோப்பு எப்படி நகர்கிறது என்று அங்கே கற்பதற்கு ஈடில்லை. அரசுக்கு வெளியே யுனிசெஃப், க்ரை போன்ற பெரிய அமைப்புகள். பொதுப்பள்ளிக்கான மாநில மேடை, தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற இயக்கங்கள். குழந்தைகள் மீதான பாலியல் வன்முறையைத் தடுக்கும் வேலையில் ‘துளிர்’ போன்ற சிறப்பு மையங்கள். இயக்கங்களில் ஊதியம் எதிர்பார்க்க வேண்டாம், கல்வி எதிர்பார்க்கலாம்.

மாவட்டத்தில் தொடங்குவதை நான் முதலில் பரிந்துரைப்பேன். ஒவ்வொரு மாவட்டத்திலும் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. மிஷன் வாத்சல்யா திட்ட விதிகளின்படி பாதுகாப்பு அலுவலருக்கு மாதம் 27,804 ரூபாய், சமூகப் பணியாளருக்கும் ஆற்றுப்படுத்துநருக்கும் 18,536, புறத்தொடர்புப் பணியாளருக்கு 10,592. எல்லாம் ஒப்பந்தம். குழந்தைகளின் உயிர் சம்பந்தப்பட்ட வேலைக்கு இது மிகவும் குறைவு. இந்தப் பணியாளர்களின் ஊதியமும் பணிப் பாதுகாப்பும் குழந்தை நலக் கோரிக்கைகளின் பட்டியலில் மேலே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இருந்தாலும் இரண்டு ஆண்டு அங்கே இருந்தவருக்குக் காவல் நிலையம், காப்பகம், நீதிமன்றம், மருத்துவமனை நான்கும் தெரிந்துவிடும். பின்னாளில் ஏழு ஆண்டு அனுபவமும் 35 வயதும் ஆனபின் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கு விண்ணப்பிக்கலாம். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழுவுக்கு முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரம் உண்டு.

தொண்டு நிறுவன வேலையில் சேருமுன் நிதி எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தம், நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. ஒரு நிறுவனம் பெற்ற நிதியை இன்னொன்றுக்குக் கொடுப்பதையும் தடை செய்தது. கொள்கை வேலையில் செலவின் பெரும்பகுதி சம்பளமும் பயணமும்தான் என்பதால் அடி இங்கே பலமாக விழுந்தது. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி கட்டடத்துக்கும் கணினிக்கும் எளிதாக வரும், அரசைக் கேள்வி கேட்கும் வேலைக்கு அரிதாகவே வரும். உங்கள் பதவியின் ஆயுள் எத்தனை மாதம் என்று நேர்காணலில் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

அலுவலக நடத்தை பற்றிச் சுருக்கமாக. பிரிவு அலுவலரையும் உதவியாளரையும் செயலாளருக்குக் கொடுக்கும் அதே மரியாதையோடு நடத்துங்கள். கோப்பு அவர்களிடம்தான் உறங்கும், அவர்களிடம்தான் எழும். பரிசு, விருந்து எதுவும் வேண்டாம். தெரியாததைக் கேட்டால் ‘விசாரித்து நாளை சொல்கிறேன்’ என்று சொல்லி, நாளையே சொல்லுங்கள். ஒருமுறை தவறான எண் கொடுத்தவரின் தாளை இரண்டாம் முறை எவரும் திறப்பதில்லை. பெயர் அமைச்சருக்கும் அதிகாரிக்கும் போகட்டும்.

அரசாணை வந்த பிறகு

பல அமைப்புகள் அரசாணை வந்த அன்று இனிப்பு கொடுத்துவிட்டு அடுத்த கோரிக்கைக்குப் போய்விடுகின்றன. உண்மையில் அப்போதுதான் மாவட்டத்துக்குப் போக வேண்டும். நிதி விடுவிக்கப்பட்டதா, வட்டார அலுவலகத்துக்குச் சுற்றறிக்கை வந்ததா, தலைமை ஆசிரியருக்குத் தெரியுமா, தாய்மாருக்குத் தெரியுமா என்று நான்கு கேள்விகளையும் மூன்று மாவட்டங்களில் கேட்டு, ஆறு மாதத்தில் ஒரு பக்கமாகச் செயலாளருக்கு அனுப்புங்கள். அதைச் செய்கிற அமைப்பைத்தான் அடுத்த ஆலோசனைக் கூட்டத்துக்குத் துறை கூப்பிடும். 2021 நவம்பர் 20 அன்று தமிழ்நாடு குழந்தைகளுக்கான மாநிலக் கொள்கை வெளியானது. அதன் ஒவ்வொரு வாக்குறுதிக்கும் எதிரே எந்தத் துறை, எந்த அரசாணை, எவ்வளவு நிதி என்று அட்டவணை போட்டு ஆண்டுதோறும் நிரப்புவது, புதிதாகச் சேரும் ஒருவர் இரண்டு மாதத்தில் செய்து முடிக்கக்கூடிய வேலை. அதை நேர்காணலுக்குக் கையில் கொண்டுபோகிறவரை நிராகரிப்பது கடினம்.

சமூக நலத்துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே கிடைக்கிறது, கட்டணம் கிடையாது. இந்த வாரத்துக்குள் அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிடுங்கள். உங்கள் ஊர் அங்கன்வாடிக்குப் போய் அதில் எழுதியிருப்பதில் எது அங்கே இருக்கிறது, எது இல்லை என்று பாருங்கள். இல்லாத ஒன்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, அடுத்த கிராம சபையில் எழுந்து வாசியுங்கள்.